முத்துலட்சுமி அம்மையாரும் ஒரு மெழுகுக் கட்டியும்

மலர்க் குழு நண்பர் போன் செய்தபோது நான் ஒரு ஆய்வுக்கூடத்தில் தரையில் உட்கார்ந்து திசு பதப்படுத்தும் இயந்திரத்தின் அடிப்பலகையைக் கழற்றிக் கொண்டிருந்தேன். கையெல்லாம் பாரஃபின் மெழுகு. பழைய மாணவர் சந்திப்பு மலருக்கு மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தர வேண்டும், அப்துல் கலாமையும் விசுவேசுவரய்யாவையும் மற்றவர்கள் எடுத்துக் கொண்டு விட்டார்கள், மிச்சம் யார் வேண்டுமானாலும் சரி என்றார். இன்ஜினியர்தான் வேணுமா என்று கேட்டேன். கட்டாயமில்லை என்றார். அப்படியானால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று சொல்லி விட்டேன். ஏன் அந்தப் பெயர் சட்டென்று வாயில் வந்தது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் போகப் போகச் சொல்கிறேன்.

நான் 2010-ல் மின்னணு மற்றும் கருவியியல் பிரிவிலிருந்து வெளியே வந்தவன். கூடப் படித்தவர்கள் மென்பொருள் பக்கம் போக, நான் நோய்க்குறியியல் ஆய்வுக்கூடங்களின் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். சொந்த ஊர் கள்ளக்குறிச்சி பக்கம் கச்சிராயபாளையம். வீட்டு மாடியில் நின்றால் கல்வராயன் மலை தெரியும். நம்ம ஹாஸ்டலில் என்னை மலையான் என்றே கூப்பிட்டார்கள். நான் மலையில் பிறந்தவன் இல்லை, அடிவாரத்துக்காரன் என்று நாலு வருஷமும் சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்?

இனி அம்மையாரின் கதைக்கு வருவோம்.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தகப்பனார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தில் வந்தவர். அந்தக் காலத்தில் இந்த இரண்டு வரிகளை வைத்தே ஊர் ஒரு பெண் குழந்தையின் தலைவிதியை எழுதி முடித்து விடும். படிப்பு கொஞ்ச நாள், பிறகு கல்யாணம், கல்யாணம் நடக்காவிட்டால் அதைவிடத் துன்பம். தாயாருக்குக் கல்யாணக் கவலை. தகப்பனாருக்கோ மகளின் படிப்பை நிறுத்த மனசில்லை. பள்ளி இறுதிப் பரீட்சையை வீட்டிலிருந்தே படித்து எழுதினார்.

அதற்கு மேல்தான் சிக்கல். மகாராஜா கல்லூரி ஆண்கள் கல்லூரி. அங்கே ஒரு பெண் சேர்ந்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று பெற்றோர் சிலர் கிளம்பினார்கள். கல்லூரி நிர்வாகத்துக்கும் விருப்பமில்லை. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு, சேர்த்துக் கொள்ளச் சொன்னதோடு உதவித்தொகையும் கொடுத்தார். 1904-ல் அந்தக் கல்லூரியின் முதல் மாணவியாக உள்ளே போனார். மூடு வண்டியில் வருவாராம். வகுப்பில் திரைக்குப் பின்னால் உட்காருவாராம். இதை எழுதும்போது நம் கல்லூரியின் முதலாம் ஆண்டு வகுப்பறை எனக்கு நினைவுக்கு வருகிறது. எழுபது பேரில் முப்பது பேர் பெண்கள். முதல் மூன்று ராங்க்கும் அவர்களுடையதுதான். நாங்கள் கடைசி பெஞ்சில் இருந்து அவர்கள் நோட்டுக்காகக் காத்துக் கிடந்தோம்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கேயும் அதே கதை, இடம்தான் வேறு. அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் ஒரு கர்னல், பெண்களைத் தன் வகுப்பில் அனுமதிக்காதவர். பரீட்சையில் முத்துலட்சுமி முதல் மதிப்பெண் வாங்கிய பிறகுதான் அவர் மனசு இறங்கியது என்பார்கள். 1912-ல் எம்.பி. அண்ட் சி.எம். பட்டத்தைச் சிறப்பு நிலையிலும் பதக்கங்களோடும் வாங்கினார். எழும்பூரிலிருந்த அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்தார்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்து கொண்டார். பெரியவர்கள் பார்த்து முடித்த சாதாரணக் கல்யாணம் அல்ல, 1872-ம் வருஷத்துச் சட்டத்தின்படி பதிவுத் திருமணம். அதற்கு முன்னால் அவர் போட்ட நிபந்தனை, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலையில் குறுக்கிடக் கூடாது என்பது. சுந்தர ரெட்டியும் கடைசி வரை அதைக் காப்பாற்றினார். இரண்டு பிள்ளைகள், ராம்மோகனும் கிருஷ்ணமூர்த்தியும். இளையவர் பெயரை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

அவருடைய வாழ்க்கையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கிருந்து நேராகச் சட்டசபைக்குப் போய் விடுவார்கள். நான் நடுவில் ஒரு சாவுக்காக நிற்க வேண்டியிருக்கிறது.

அம்மையாருக்கு ஒரு தங்கை. 1920-களின் தொடக்கத்தில், இளம் வயதிலேயே, அந்தப் பெண்ணுக்கு வயிற்றுப்போக்கும் ரத்தப்போக்கும் கண்டது. சீதபேதி என்று சொல்லி அதற்கான மருந்து கொடுத்தார்கள். அது சீதபேதி இல்லை, மலக்குடலில் புற்று என்று தெரிந்தபோது காலம் கடந்து விட்டது. டாக்டரான அக்காள் கூடவே இருந்தும் பார்த்துக் கொண்டிருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. எந்த மருந்து இல்லாமல் போனது என்பதைவிட, நோயின் பெயர் தப்பாகப் போனது என்பதுதான் அந்த வீட்டில் நடந்த விபரீதம். சீதபேதியும் மலக்குடல் புற்றும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். உள்ளே நடப்பது முழுக்க வேறு.

1925-ல் அரசாங்க உதவியோடு லண்டன் போனார். செல்சி பெண்கள் மருத்துவமனையில் பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி. அங்கிருந்த ராயல் கான்சர் மருத்துவமனையையும் பார்த்தார். புற்றுநோய்க்கென்றே ஒரு ஆஸ்பத்திரி இருக்க முடியும், அங்கே சிலர் குணமாகி வீட்டுக்குப் போகிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டது அவருக்குள் ஒரு விதையைப் போட்டது. முளைக்க இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று!

திரும்பி வந்ததும் பொது வாழ்க்கை அவரை இழுத்துக் கொண்டது. இந்திய மாதர் சங்கம் அவரைச் சென்னை சட்ட மேலவைக்கு முன்மொழிய, 1926 கடைசியில் நியமன உறுப்பினரானார். 1927-ல் துணைத்தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டமன்றங்களில் உட்கார்ந்த முதல் பெண்மணி அவர். பால்ய விவாகம், குழந்தைகள் மருத்துவம், பெண்களை விலைப்பொருளாக்கும் வியாபாரம் என்று ஒவ்வொன்றாக எடுத்தார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் கொண்டு வந்த தீர்மானம்தான் பெரிய புயலைக் கிளப்பியது. சத்தியமூர்த்தி மாதிரியான தேசபக்தர்களே எதிர்த்தார்கள். தேவதாசிப் பெண்களில் ஒரு பகுதியினரும் தங்கள் கலையும் சொத்துரிமையும் போய்விடும் என்று எதிர்த்தார்கள். அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது என்று இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் எழுதுகிறார்கள், அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். தாயாரின் குலத்தைச் சொல்லியே தன்னைக் குத்துவார்கள் என்று தெரிந்தும் அந்தப் பெண்மணி அதைக் கையில் எடுத்தார் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன். முழுமையான சட்டம் 1947-ல்தான் வந்தது.

1930-ல் காந்திஜி கைதானதும் பதவியை ராஜினாமா செய்தார். அதே சமயத்தில் பொட்டுக் கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எந்த விடுதியும் சேர்த்துக் கொள்ளவில்லை. தன் வீட்டிலேயே வைத்துக் கொண்டார். அதுதான் அவ்வை இல்லமாக வளர்ந்தது.

இவ்வளவு செய்தவர் இத்தோடு ஓய்ந்திருந்தாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் தங்கை மனசிலேயே இருந்தாள் போலிருக்கிறது. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் பேசும்போது புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை வெளியிட்டார். சென்னைப் பெரியாஸ்பத்திரியில் பார்னார்டு கதிரியக்க நிலையம் அப்போதுதான் வந்திருந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும் என்ற மனநிலைதான் பலருக்கும். புற்றுநோய் வந்தவன் எப்படியும் சாகப் போகிறவன், அவனுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டுவது வீண் செலவு என்ற எண்ணம் சுதந்திரத்துக்குப் பிறகும் அதிகார வட்டத்தில் இருந்தது. இதில் யாரையும் தனியாகக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எங்க ஊரில் இன்றைக்கும் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அம்மையாரோ உண்டியலைக் கையில் எடுத்தார். 1949-ல் மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டி விட்டது. சிறுகச் சிறுகச் சேர்ந்தது. 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று மருத்துவமனை திறந்தது. பன்னிரண்டு படுக்கைகள். பெரிய கட்டிடம் எதுவும் கிடையாது. மேலைநாட்டில் பயிற்சி முடித்து வந்த இளைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, அடுத்த வருஷம் அரசு வேலையை விட்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, விரல் விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள். அவ்வளவுதான். 1957-ல் அங்கே கோபால்ட்-60 கதிர்ச்சிகிச்சைக் கருவி வந்தது. ஆசியாவிலேயே முதலாவது என்று சொல்வார்கள். குடிசை அளவு ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு கருவியை நிறுவுவது என்றால் கதிர் வெளியே கசியாத அளவு கனமான கான்கிரீட் சுவர், தடையில்லாத மின்சாரம், கோபால்ட் மெல்ல வலுக் குறையக் குறைய நேரத்தைக் கூட்டிக் கணக்குப் போட ஒரு இயற்பியல்காரர், எல்லாம் வேணும். கருவி நிறுவும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதை நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கிறது.

1956-ல் பத்மபூஷண் விருது வந்தது. 1968 ஜூலை 22 அன்று, எண்பத்திரண்டு வயது நிறைய எட்டு நாள் இருக்கும்போது காலமானார். அதே வருஷம் செப்டம்பரில் முதலமைச்சர் அண்ணாவுக்கு உணவுக்குழாயில் புற்று என்று நியூயார்க்கில் அறுவைச் சிகிச்சை நடந்தது. 1969 பிப்ரவரி 3 அன்று, அம்மையார் உண்டியல் குலுக்கிக் கட்டிய அதே அடையாறு மருத்துவமனையில் அண்ணா கண்ணை மூடினார். தமிழ்நாட்டில் கடைக்கோடி கிராமத்துக்கும் புற்றுநோய் என்ற வார்த்தை போய்ச் சேர்ந்தது அப்போதுதான் என்று எங்கப்பா சொல்லுவார்.

வாழ்க்கை வரலாறு இத்தோடு முடிந்தது. ஆனால் நான் எழுத உட்கார்ந்த காரணம் இன்னும் முடியவில்லை. அந்த மெழுகுக் கட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் சிநேகிதர் ஒருவர், கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். மலைமேல் கடுக்காய் சீசனில் இறங்கி வந்தால் எங்க வீட்டில்தான் சாப்பாடு. நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். 2016-ல் ஒரு நாள் வந்தவர் கழுத்தின் வலது பக்கம் எலுமிச்சை அளவு கட்டி. வலி கிடையாது. விழுங்கும்போது மட்டும் தொண்டையில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கு என்றார். மாமா புகையிலை போடுகிறவர். அப்பா முகம் அப்போதே மாறி விட்டது.

முதலில் காசநோய் என்று நினைத்து மாத்திரை. நம் ஊர்களில் கழுத்துக் கட்டி என்றால் முதல் சந்தேகம் அதுதான், தப்பென்று சொல்ல முடியாது. மூணு மாசத்தில் கட்டி எலுமிச்சையிலிருந்து மாங்காயாகி விட்டது. அடுத்து ஒரு ஊரில் ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்தார்கள். கெட்ட செல்கள் இருக்கின்றன என்று மட்டும் ரிப்போர்ட். பிறகு அடித்தொண்டையில், டான்சில் இருக்கும் இடத்தில் வீங்கியிருந்ததிலிருந்து ஒரு துண்டு எடுத்தார்கள். சரியாக உருப்பெறாத புற்று, அநேகமாகத் தொண்டைப் புற்று என்று எழுதி வந்தது. எந்த ஊர், எந்தக் கூடம் என்பது வேண்டாம். அவர்கள் கையில் இருந்த சாயத்தை வைத்து அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனால் அந்த அநேகமாக என்ற வார்த்தை மலை ஏறுவதற்குள் காணாமல் போய் விட்டது. தொண்டையை அறுத்து எடுத்து விடுவார்கள், பேச்சு போய்விடும், கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சு விட வேண்டும் என்று ஊரெல்லாம் பேச்சு. மாமா ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன், மலையிலேயே கிடந்து போகிறேன் என்று உட்கார்ந்து விட்டார்.

இங்கேதான் என் தொழில் கொஞ்சம் உதவியது. நான் டாக்டர் அல்ல. ஆனால் ஆய்வுக்கூடத்தில் கருவி பழுது பார்க்கும்போது சுற்றி நடக்கும் பேச்சு காதில் விழாமல் இருக்குமா?

தொண்டையில் வரும் புற்றில் பெரும்பாலானது கார்சினோமா. தொண்டையின் உள்பக்கத்தை ஓடு வேய்ந்த மாதிரி மூடியிருக்கும் மேல்தோல் செல்களில் தொடங்குவது. லிம்போமா என்பது வேறு ஜாதி. அது நிணநீர்க் கணுக்களின் வெள்ளணுக்களில் தொடங்குவது. டான்சில், மூக்கின் பின்புறம், நாக்கின் அடி ஆகிய இடங்களில் வளையம் மாதிரி நிணத்திசு இருப்பதால் தொண்டையிலும் லிம்போமா வரும். கண்ணால் பார்த்தால் இரண்டும் வீக்கம்தான், இரண்டிலும் கழுத்தில் கட்டி வரும். நுண்நோக்கியில் நன்றாக உருப்பெற்ற கார்சினோமாவை அடையாளம் காண்பது சுலபம். செல்களுக்கு நடுவே பாலம் போட்ட மாதிரி இணைப்புகளும், வெங்காயத் தோல் போலச் சுருண்ட கெராட்டின் முத்துகளும் இருக்கும். உருப்பெறாத கார்சினோமாவில் இந்த அடையாளம் எதுவும் இருக்காது. பெரிய பெரிய செல்கள், அவற்றின் நடுவே சிதறிய வெள்ளணுக்கள். பெரிய செல் லிம்போமாவும் ஏறக்குறைய அதே முகம்தான். வழக்கமான நீலமும் ரோஸும் கலந்த சாயத்தில் கைதேர்ந்தவரும் தடுமாறும் இடம் இது.

தடுமாறுவது புதிசு அல்ல. அம்மையார் புதுக்கோட்டையில் கைக்குழந்தையாக இருந்த 1887-ல் ஜெர்மன் பட்டத்து இளவரசர் பிரடெரிக்கின் குரல்வளையில் ஒரு வளர்ச்சி. நோய்க்குறியியலின் தந்தை என்று சொல்லப்படும் விர்ஷோவிடமே துண்டை அனுப்பினார்கள். அவர் பார்த்த துண்டில் புற்று தெரியவில்லை. அறுவைச் சிகிச்சை தள்ளிப் போனது. 1888-ல் சக்கரவர்த்தியாகி 99 நாள் ஆண்டு, அந்த ஜூன் மாதமே புற்றில் இறந்தார். அனுப்பிய துண்டில் என்ன இருந்ததோ அதைத்தானே பார்க்க முடியும்.

அம்மையார் காலத்தில், அதாவது அடையாறில் பன்னிரண்டு படுக்கைகள் இருந்த நாளில், இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வெள்ளிச் சாயம் என்று ஒன்று உண்டு. திசுவில் இருக்கும் ரெட்டிகுலின் என்ற மெல்லிய நார்களைக் கறுப்பாகக் காட்டும். கார்சினோமா என்றால் நார்கள் செல் கூட்டத்தை மொத்தமாக வேலி போட்டுச் சுற்றும். லிம்போமா என்றால் நார் தனித்தனி செல்லுக்கு நடுவிலும் புகுந்து ஓடும். கெட்டிக்காரத்தனமான வழி. ஆனால் எப்போதும் கைகொடுக்காது. பிறகு எலக்ட்ரான் நுண்நோக்கி வந்தது. செல்களை ஒட்டி வைக்கும் பொத்தான் மாதிரி இணைப்புகள் தெரிந்தால் கார்சினோமா. அது யானை விலை.

நிலைமை மாறியது 1975-க்குப் பிறகு. கோலர், மில்ஸ்டீன் என்ற இருவர் ஒரே மாதிரியான எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். ஒரு எதிர்ப்பொருள் ஒரு புரதத்தைத்தான் பிடிக்கும், பூட்டுக்குச் சாவி மாதிரி. மெழுகில் பதித்த திசுவை மைக்ரோடோமில் 3 அல்லது 4 மைக்ரான் கனத்துக்குச் சீவ வேண்டும். கண்ணாடியில் ஒட்டி, மெழுகைக் கரைத்து, தக்க கரைசலில் சூடாக்க வேண்டும். ஃபார்மலினில் ஊறி இறுகிப் போன புரதங்கள் அப்போதுதான் முகம் காட்டும். பல கூடங்களில் இதற்கு நம் வீட்டுப் பிரஷர் குக்கரைத்தான் வைத்திருந்தார்கள், நானே ஒன்றுக்கு காஸ்கெட் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். பிறகு எதிர்ப்பொருளைச் சொட்டுவிட்டு, அது பிடித்த இடம் பழுப்பாகத் தெரியச் செய்வது. சைட்டோகெராட்டின் பழுப்பானால் கார்சினோமா பக்கம், பி40-ம் சேர்ந்தால் செதில் செல் கார்சினோமா. சி.டி.45 பழுப்பானால் வெள்ளணு வம்சம். அதில் சி.டி.20 என்றால் பி செல், சி.டி.3 என்றால் டி செல்.

ஒன்றே ஒன்றை நம்பக் கூடாது என்பதுதான் இதில் நான் கற்ற பாடம். சில லிம்போமாக்களில் சி.டி.45 தெரியாமலே போகும். பி63 என்ற இன்னொரு குறி கார்சினோமாவுக்கு மட்டுமல்லாமல் சில லிம்போமாக்களிலும் வந்து ஏமாற்றும். அதனால் நாலைந்தைச் சேர்த்துப் போட வேண்டும். கூடவே, முடிவு தெரிந்த ஒரு திசுவையும் அதே தட்டில் ஓட்டுவார்கள். டான்சில் அதற்கு ரொம்பத் தோது. மேலே மேல்தோல், உள்ளே பி செல், டி செல் எல்லாம் ஒரே துண்டில் இருக்கும். அது சரியாக நிறம் பிடிக்கவில்லை என்றால் அன்றைய ரிப்போர்ட் எதுவும் செல்லாது. சோதனைக்கே ஒரு சோதனை. நம் அளவீட்டு வகுப்பில் கருவியைத் தரப்படுத்தாமல் ரீடிங் எடுத்ததற்கு ரெக்கார்டு நோட்டைத் தூக்கி எறிந்தாரே நம் பேராசிரியர், அதேதான்.

செல்களை உயிரோடு திரவத்தில் ஓடவிட்டு லேசரில் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற முறையும் லிம்போமாவுக்கு உண்டு. ஆனால் துண்டு பச்சையாக, சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். ஃபார்மலினில் போட்டால் போச்சு. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சி வந்து, உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை போவதற்குள் செல் எல்லாம் செத்துப் போகும். மெழுகுக் கட்டிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வருஷக்கணக்கில் கெடாது. சட்டைப் பையில் வைத்துக் கொண்டு போகலாம்.

நான் அதைத்தான் செய்தேன். முதல் கூடத்துக்குப் போய் மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இது நோயாளியின் உரிமை, கேட்டால் கொடுப்பார்கள், நம்மில் பலருக்குத் தெரியாது. இனி யாருக்காவது வேண்டியிருந்தால் கேளுங்கள். தீப்பெட்டியில் பாதி அளவு பிளாஸ்டிக் கூடு, அதில் மாமாவின் தொண்டைத் துணுக்கு. அதை அடையாறுக்குக் கொண்டு போனோம். மாமாவையும் அப்பா எப்படியோ பேசிக் கூட்டி வந்து விட்டார்.

கூட்டமான கூட்டம். வரிசையில் நின்று, உட்கார்ந்து, காத்துக் கிடந்ததில் அம்மையாரைப் பற்றி நிறைய யோசித்தேன். தங்கைக்குச் சீதபேதி இல்லை என்று சொல்ல அன்றைக்கு ஒரு கண்ணாடித் தகடு இருந்திருந்தால்? சொன்னாலும் 1920-களில் பெரிசாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்பதும் உண்மைதான்.

சில நாளில் முடிவு வந்தது. கெராட்டின் இல்லை. பி40 இல்லை. சி.டி.45 பழுப்பு. சி.டி.20 நன்றாகப் பழுப்பு. பி செல் லிம்போமா. தொண்டையை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை, சொட்டு மருந்தாக ஏற்றினால் போதும் என்றார்கள். மூணு வாரத்துக்கு ஒரு முறை, ஆறு தடவை. சி.டி.20-ஐப் பார்த்துப் பிடிக்கும் எதிர்ப்பொருளே அந்த மருந்துகளில் ஒன்று என்று டாக்டர் விளக்கியபோது எனக்கு மெய் சிலிர்த்தது. நோயைக் கண்டுபிடித்த அதே பூட்டுக்குள் மருந்தும் சாவியாகப் போகிறது. கார்சினோமா என்ற பெயரோடு போயிருந்தால் கத்தியும் கதிருமாக வேறு பாதையில் போயிருப்பார். லிம்போமா தன் போக்கில் உடம்பு முழுக்கப் பரவியிருக்கும்.

முடி கொட்டியது, வாய் புண்ணானது, ஒரு முறை காய்ச்சலில் பயமுறுத்தினார். இரண்டாவது தடவையிலேயே கட்டி கையில் தட்டுப்படாமல் போய் விட்டது. புகையிலையை விட்டாரா என்று கேட்காதீர்கள், விட்டதாகத்தான் சொல்கிறார்.

கடைசி மருந்து ஏறிய அன்றைக்கு வெளியே டீ குடித்துக் கொண்டிருந்தோம். இதைக் கட்டினது யார் என்று மாமா கேட்டார். முத்துலட்சுமி ரெட்டி என்று ஒரு அம்மா என்று நான் ஆரம்பித்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்து விட்டு, அந்த அம்மாவை எனக்குத் தெரியுமே என்றார். நான் திகைத்துப் போனேன். மருமகள் பிரசவத்துக்குக் கரியாலூர் ஆஸ்பத்திரியில் நர்சம்மா எழுதிக் கொடுத்த மகப்பேறு உதவிப் பாரத்தில் அந்தப் பெயர்தானாம். பன்னிரண்டாயிரம் ரூபாய் வந்ததாம். அதில்தான் ஆடு வாங்கினார்களாம். அந்த ஆடு இப்போது நாலாகியிருக்கிறது, ஒன்றை விற்றுத்தான் இந்தத் தடவை பஸ்ஸுக்குக் காசு கொண்டு வந்தேன் என்றார்.